இரண்டாயிரத்து நானூறாவது வால்

கப்பலில் வந்த வால் என் மகள் தெக்லாவுக்கு ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அடுப்பில் மீன்குழம்பு கொதித்து இறங்குவதற்குள். அன்றைக்கு வானத்தில் ஒரு குறியும் இல்லை, காற்று வழக்கம்போலக் கடலிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு ரேடியோவில் வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் புன்னைத்துறை சின்னத் துறைமுகம், தசராவுக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்து அங்கே வேஷச் சாமான்கள்தான் வந்து இறங்கும். அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, செருப்பில்லாமல் நடந்து, ராஜாவாகவோ போலீஸாகவோ காளியாகவோ குரங்காகவோ வேஷம் கட்டி வீடு வீடாய்க் காணிக்கை வாங்கிக்கொண்டுபோய்க் கோயிலில் செலுத்துவார்கள். எங்களைப் போல மாதாகோயில்காரர்களும் வாசலில் நின்று சில்லறை போடுவோம், ஏனென்றால் வேஷத்துக்குள் இருப்பது பால்காரராகவோ பாங்க் மேனேஜராகவோதான் இருக்கும், மறுநாள் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். அந்த வருஷம் குரங்கு வேண்டுதல் அதிகம். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்த வேஷக்கடை உச்சிமாகாளி அண்ணாச்சி, பழுப்பு வெல்வெட்டில் பஞ்சடைத்து, நுனியில் கறுப்பு ரோமமும் இடுப்பில் மாட்ட எலாஸ்டிக்கும் வைத்த வால்கள் இரண்டாயிரத்து நானூறைச் சீனாவிலிருந்து வரவழைத்திருந்தார்.

வால்கள் வந்து இருபது நாளாகியும் கன்டெய்னரை விட்டு வெளியே வரவில்லை, ஏனென்றால் அப்ரைசர் வேலாயுதப்பெருமாளுக்கு வால் என்பது என்ன என்று தெரியவில்லை. அப்ரைசர் என்றால் கஸ்டம்ஸில் சாமானைப் பார்த்து இது இன்னது என்று சொல்லுகிறவர். உலகத்தில் உள்ள சகல பொருளுக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண் தலையணை தண்டியான ஒரு புஸ்தகத்தில் இருக்கிறது, எண் கிடைக்காத பொருள் துறைமுகக் கேட்டைத் தாண்டலாகாது என்பதே அவருடைய விசுவாசப் பிரமாணம். உடுப்போடு சேர்த்துக் கட்டுவதால் வால் அறுபத்திரண்டாம் அத்தியாயத்து உடைத் துணைப்பொருள் என்று ஆபீஸில் ஒரு கட்சி சொன்னது, திருவிழாவுக்கானதால் தொண்ணூற்றைந்தாம் அத்தியாயத்துக் கொண்டாட்டச் சாமான் என்று அண்ணாச்சி சொன்னார், பஞ்சடைத்த எதுவும் பொம்மை என்று மேலிடம் கடிதம் எழுதியது. அப்ரைசரோ தானே மாலை போட்டு விரதத்தில் இருந்தார், ஆபீஸுக்கும் செருப்பில்லாமல்தான் வந்தார், "வேண்டுதலுக்குக் கட்டுததப் பொம்மைன்னும் கொண்டாட்டம்னும் எழுத எனக்குக் கை வராதுய்யா" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். வேண்டுதலுக்கு அந்தப் புஸ்தகத்தில் அத்தியாயம் இல்லை.

எப்படியானாலும் துணி என்ன துணி என்று தெரிய வேண்டுமே என்று, ஒரு வாலை மாதிரிக்கு எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப உத்தரவாயிற்று. முறைப்படி அதை ஆபீஸர்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் வெயிலில் ஆபீஸர்கள் போவதில்லை, சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஆபீஸ் ஆட்களே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள், போகிற வழியில் வீட்டில் சாப்பிட்டுவிட்டும் போவார்கள், எங்கள் ஊரில் அது சட்டத்தைவிடப் பழைய நடைமுறை. அந்த ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற என் வீட்டுக்காரர் கஸ்பார், பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

"ஏட்டி பெலிண்டா, இத வந்து பாரு," என்று கூப்பிட்டார்.

தெக்லா வாலை மாட்டிக்கொண்டு நின்றாள். வால் ஆடியது.

"பேட்டரி போட்டிருக்கோ?" என்றேன்.

"பஞ்சுதாம்டி. நான்தான எண்ணி எடுத்தேன்."

கழற்றப் போனால் எலாஸ்டிக்கைக் காணவில்லை, அது தண்ணீரில் விட்ட உப்பு மாதிரி அவள் இடுப்புக்குள் போயிருந்தது. மெல்லக் கிள்ளிப் பார்த்தேன், பிள்ளை வீறிட்டாள். உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் வால் வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல் இல்லாத பிள்ளையின் கழுத்து இருக்குமே அந்தச் சூடு. கஸ்பார் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "கையெழுத்து நான்லா போட்டிருக்கேன்," என்று மட்டும் சொன்னார், குழம்பு ஆறிப்போயிற்று.

நான் பயப்பட்டேன், பயம் எனக்கு அன்றைக்குப் புதிது அல்ல. தெக்லாவுக்கு மூன்றரை வயது, அதுவரை ஒரு சொல் பேசினதில்லை. பசித்தால் கேட்கமாட்டாள், விழுந்தால் சொல்லமாட்டாள், நான் போனாலும் வந்தாலும் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள். டாக்டர்கள் காது நன்றாயிருக்கிறது என்றார்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் சரியாய்ப் போகும் என்றார்கள், நான் ராவும் பகலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால் வந்த மூன்றாம் நாள், மாவு மில்லுக்குப் போய்விட்டு நான் வாசலில் நுழைந்தபோது, தெக்லா எப்போதும்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வால் மட்டும் என் காலடிச் சத்தம் கேட்டுத் தரையில் படபடவென்று அடித்தது. என்னைக் கண்டு என் பிள்ளைக்குச் சந்தோஷம் என்பது மூன்றரை வருஷம் கழித்து எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மாவுத்தூக்கை வைக்கக்கூட மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் வாலை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. மீன்காரி பிரகாசி அக்கா கூடையை இறக்கினதும் நெத்திலிக்கு வால் ஆடியது, சூடைக்கு ஆடவில்லை. "அப்ப சூடை நேத்தையது" என்று எதிர்வீட்டுக்காரி கூடையிலேயே திருப்பிப் போட்டாள். அதிலிருந்து தெருப் பெண்கள் தட்டில் மீனோடு எங்கள் வாசலில் வரிசை நின்றார்கள், மீன்காரிகள் சங்கமாய்ச் சேர்ந்து பங்குச் சாமியாரிடம் புகார் கொடுத்தார்கள், சாமியார் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வாலிடம் கேட்கக் கூடாது என்று சமரசம் செய்துவைத்தார். நான் படித்த கான்வென்ட்டில்தான் தெக்லாவையும் சேர்த்திருந்தேன், தலைமை சிஸ்டர் பெர்த்தில்லா வாலை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "யூனிஃபார்ம்ல ஓட்டை போட்டு ஓரம் தச்சிரணும் பெலிண்டா. திங்கக்கிழமை அசெம்பிளிக்கு வெள்ளை ரிப்பன். ஜெபத்துல ஆட்டக் கூடாது" என்றார்கள். டெய்லர் ஓட்டைக்குத் தனிக்கூலி கேட்டார். பஸ் கண்டக்டர் வாலைக் கதவில் மாட்டிக்கொள்ளாமல் தூக்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். பல்லி விழுந்தால் ஒரு நாள் பேசுவதைப்போலப் பேசிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஏற்காதது எண்ணிக்கை மட்டும்தான். காகிதத்தில் இரண்டாயிரத்து நானூறு, கன்டெய்னரில் இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மாதிரி திரும்பி வந்து கணக்கு நேராகாமல் ஒரு வால்கூட வெளியே போகாது என்று உத்தரவாயிற்று, அப்ரைசர் வேலாயுதப்பெருமாள் மாலையும் மூக்குக்கண்ணாடியும் வெறுங்காலுமாக எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தார். டேப்பால் அளந்தார், எடையைக் குத்துமதிப்பாய் எழுதினார், டீ வேண்டாம் விரதம் என்றார். அவர் பக்கம் போகும்போதெல்லாம் வால் தெக்லாவின் கால்களுக்கிடையில் சுருண்டுகொண்டது, அதையும் எழுதினார்.

"இங்க பாரும்மா," என்றார் என்னிடம், கோபமே இல்லாமல். "ரெண்டு பொருள் சேந்து ஒண்ணா வந்துச்சுன்னா, அதுல எது முக்கியம், எது அதுக்கு அதோட குணத்தக் குடுக்குன்னு பாக்கணும். முக்கியமானது எதுவோ அதோட எண்தான் ரெண்டுக்கும். இது விதி."

"சார், அது பிள்ளை."

"நீங்க சொல்லுதிய. நான் சோதிக்கணும்லா." குனிந்து கூப்பிட்டார்: "தெக்லா!"

தெக்லா ஜன்னலைப் பார்த்தாள். வால் திரும்பியது.

"உன் பேர் என்னம்மா? அம்மா எங்க?"

தெக்லா ஜன்னலைப் பார்த்தாள். வால் என்னைக் காட்டியது.

அப்ரைசர் எழுதுவதை நான் தலைகீழாய் வாசித்தேன்: கூப்பிட்டால் வால் பதில் தருகிறது, குழந்தை தரவில்லை, ஆகவே முக்கிய குணம் வாலுடையது, குழந்தை வாலுக்குத் துணைப்பொருள்.  அப்ரைசருக்கும் அதில் சந்தோஷம் இருந்த மாதிரித் தெரியவில்லை, பேனாவை மூடும்போது, "புஸ்தகத்த நான் எழுதலம்மா" என்றார்.

துணி வால் உயிர்வால் ஆகிவிட்டதால் கோப்பு அறுபத்திரண்டிலிருந்தும் தொண்ணூற்றைந்திலிருந்தும் கிளம்பி முதல் அத்தியாயத்துக்கு, உயிருள்ள பிராணிகளுக்குப் போயிற்று. கால்நடை டாக்டரம்மா வந்து நாக்கை நீட்டச் சொன்னார், வாலைத் தடவினார், நல்ல ஆரோக்கியம் என்றார், ஆனால் அனுப்பின நாட்டின் ஆரோக்கியச் சான்றிதழ் இல்லாத பிராணியை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்றார். திருப்பி அனுப்பினால் முக்கியப் பொருளோடு துணைப்பொருளும் சீனாவுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் எல்லாரும் மனமிரங்கி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கஸ்டம்ஸ் ஆபீஸில் வைத்து, மரத்துப்போகிற ஊசி போட்டு, வாலை மட்டும் வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுவது. கருணையோடு எடுத்த முடிவு என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

தசராவுக்குப் பதினோரு நாள் இருந்தது. குரங்கு வேண்டுதல்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மீன் தட்டோடு வரிசை நின்ற அதே எதிர்வீட்டுக்காரியும் வந்தாள், அவள் தம்பிக்குக் கல்லீரல் சரியாகி குரங்கு வேஷம் பாக்கி. உச்சிமாகாளி அண்ணாச்சி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாடி, நான் கெட்டவன் இல்ல. ஒரு வாலுக்கு ரெண்டாயிரத்து முந்நூத்திச் சொச்சம் பேர் வேண்டுதல் நிக்கி. பிள்ளைக்கு நானே மருந்துச் செலவு பாக்கேன். குடுத்துருங்க."

"அண்ணாச்சி, அது மட்டும்தான் அவ பேசுத வாய்."

"வாலா?" என்றார். கொஞ்ச நேரம் தெக்லாவைப் பார்த்தார். வால் அவரைப் பார்த்து லேசாக ஆடியது, அவர் சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருந்தது. அண்ணாச்சி மிட்டாயைக் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். போய் என்ன செய்ய, அவர் வால்கள் அத்தனையும் கன்டெய்னரில்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீஸில் எல்லாரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள், எங்கள் ஊரில் அது அபூர்வம். கேட்டுக்கு வெளியே மாலை போட்டவர்கள் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். டாக்டரம்மா மேஜையில் வெள்ளைத்துணி விரித்து, ஊசியையும் கத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தெக்லா என் மடியில் இருந்தாள், வால் என் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. மாதிரிக்கான சீட்டில் கையெழுத்துப் போடக் கஸ்பாரிடம் சொன்னார்கள், வால் வாங்கின அன்று எழுதின அதே சீட்டு. போட்டுவிட்டுச் சாட்சிக்கு என்னிடம் நீட்டினார்.

சிஸ்டர் பெர்த்தில்லாவிடம் பத்து வருஷம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பரீட்சைத் தாளில் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் பேனா திறந்தால் ஸ்கேலால் விழும். அந்த அடியில், மருந்துச்சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அச்சடித்த எதையும் அடிவரை படிக்காமல் எனக்குக் கை ஓடாது. சீட்டின் அடியில், எறும்பு எழுத்தில், மூன்று வரி இருந்தது. மாதிரி திருப்பித் தரப்பட்டது. மாதிரி அலுவலகத்தில் வைக்கப்பட்டது. மாதிரி சோதனையில் தீர்ந்துபோனது. அவற்றுக்குக் கீழே: பொருந்தாததை அடிக்கவும். இரண்டாவதும் மூன்றாவதும் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தன; யாரோ, என்றைக்கோ, பார்க்காமலே, கட்டுக் கட்டாய் எல்லாச் சீட்டிலும் ஒரே இழுப்பாய் இழுத்து வைத்தது, அதுவும் எங்கள் ஊர் நடைமுறை.

"சார், மூணாவது வரி என்ன?" என்று கேட்டேன். 

அப்ரைசர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "அது அமிலத்துல கரைச்சுப் பாக்கிறது, எரிச்சுப் பாக்கிறது, அந்த மாதிரிச் சோதனைல சாமான் முடிஞ்சு போச்சுன்னா எழுதுறது."

"முடிஞ்சு போச்சுன்னா?"

"கணக்கு நேராயிரும். திருப்பித் தர வேண்டாம்."

"நீங்க சோதிச்சிய, சார். எங்க வீட்ல வச்சு, அளந்து, கூப்பிட்டுப் பாத்து. சோதனைக்கு முன்னால அது துணி. இப்ப அந்தத் துணி எங்க இருக்கு?"

 டாக்டரம்மா கத்திரியைத் துணியின்மேல் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அப்ரைசர் சீட்டை மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார், மாலையில் தொங்கின மணியை விரலால் உருட்டினார். புஸ்தகத்துக்குள் அவர் கண்ணில் படாத ஒரு கதவு புஸ்தகத்துக்கு வெளியே ஒரு சீட்டின் அடியில் இருந்தது அவருக்குக் கொஞ்சம் அவமானமாயிருந்திருக்க வேண்டும்.

"புரிஞ்சு பேசுதியளா?" என்றார் கடைசியில். "நான் தீந்துபோச்சுன்னு எழுதிட்டா அந்த வால் இல்ல. எந்த ஆபீஸ்லயும் இல்ல, எந்தக் காகிதத்துலயும் இல்ல. நாளைக்கு ஒருத்தன் கதவுல நசுக்கிட்டான்னு வந்து நின்னியன்னா, எந்த வால்னு கேப்போம். நானே கேப்பேன்."

"புரிஞ்சிச்சு சார்."

"இல்லாத வாலோட வளப்பியளா?"

"இதுவரைக்கும் இல்லாத பேச்சோட வளத்தேன், சார்."

புதுச் சீட்டு கொண்டுவரச் சொல்லி, முதல் இரண்டு வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். எழுதி முடித்து முத்திரை குத்தும்போது ஓரக்கண்ணால் வாலைப் பார்த்தார், ஆடுகிறதா என்று. ஆடவில்லை. அது என் மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே கன்டெய்னர் திறந்தது. வால்களை அப்ரைசர் என்ன எண்ணில் போட்டு விட்டார் என்று இன்றுவரை அண்ணாச்சி சொல்லவில்லை, கேட்டால் அம்மன் எண் என்று சிரிக்கிறார். ஊர் வாலை ஏற்றுக்கொண்ட வேகத்திலேயே வால் இல்லாததையும் ஏற்றுக்கொண்டது. உத்தரவின் நகல் கிடைத்ததும் சிஸ்டர் பெர்த்தில்லா யூனிஃபார்ம் ஓட்டையைத் தைக்கச் சொன்னார்கள், தைத்தேன், ராத்திரி நூலைப் பிரித்துவிட்டேன், வால் வெளியே தொங்க அசெம்பிளியில் நின்ற தெக்லாவைப் பார்த்து சிஸ்டர், "இப்பதான் நீட்டா இருக்கு" என்றார்கள். டெய்லர் அதே ஓட்டையைக் கிழிசல் என்று பில் போட்டார். பஸ் கண்டக்டர் வாலைத் தூக்கிப் பிடிப்பதை நிறுத்திவிட்டு, "கதவப் பாத்தும்மா, கதவப் பாத்து" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார். பிரகாசி அக்கா மட்டும் கூடையை இறக்கி, வாலைப் பார்க்காமல், "நெத்திலி எப்படி இருக்குன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்" என்று காற்றிடம் கேட்டாள். இல்லாத வாலை யாரும் பார்த்து நடக்கவில்லை, யாரும் தாண்டிப் போகவில்லை; கூட்டத்தில் நான் ஒருத்திதான் குனிந்தபடி அவள் பின்னாலேயே, ஒரு கையை நீட்டிக்கொண்டு, விழப்போகிற எதையோ பிடிக்கிற மாதிரி நடந்தேன்.

தசராவுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தெரு முழுக்கக் குரங்கு. பழுப்பு வால்களை இழுத்துக்கொண்டு தாரை தப்பட்டையோடு வீடு வீடாய் ஏறினார்கள். ஊரில் அன்றைக்கு எல்லாருக்கும் வால் இருந்தது, என் மகளைத் தவிர. தெக்லா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், நான் சில்லறை எடுக்க ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் உள்ளே திரும்பினேன். குரங்குகளில் ஒருவர் படியேறி வந்தார், முகம் முழுக்கச் சிவப்புச் சாயம், அதற்கு மேலே மூக்குக்கண்ணாடி. அவர் பின்னால் வெல்வெட் வால் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வெறுங்கால் தெக்லாவின் வால்மேல் பதிந்தது.

"வலிக்கு," என்றாள் தெக்லா.

மேளம் அடித்தவன் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டான்.  மூன்றரை வருஷம் நான் காத்திருந்த குரல் இவ்வளவு கரகரப்பாய் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"காலை எடு," என்றாள் தெக்லா, அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்து. "வால் வலிக்கு."

அப்ரைசர் வேலாயுதப்பெருமாள் காலை எடுக்கவில்லை, உடனே எடுக்க முடியவில்லை போலும். உள்ளங்காலுக்குக் கீழே வெதுவெதுவென்று ஒன்று துடிப்பதைச் செருப்பில்லாத கால் அறிந்துகொண்டிருந்தது, சாயத்துக்கு அடியில் அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். தெருவில் உள்ள அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள், அவர் எழுதின சீட்டு அத்தனை பேருக்கும் மனப்பாடம். எந்த வால் என்று அவர் கேட்க வேண்டும். கேட்பேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

அவர் காலைத் தூக்கினார். சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். பிறகு காணிக்கைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, "தெரியாம மிதிச்சிட்டேம்மா," என்றார்.

வால் ஒரு தரம் ஆடியது, ஒரே ஒரு தரம். அவர் அதைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கக்கூடியவர். ஆனால் பார்த்தார்.